ஆறிய காயத்தோடு வருகிறவர்கள்

முகத்தில் பழைய காயம் உள்ளவர்கள் அந்தக் காயத்துக்காகவே மருத்துவமனைக்கு வருவது குறைவு. அம்மாவுக்குப் பல் பிடுங்கவோ பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கவோ துணைக்கு வந்தவர்களாக நிற்பார்கள். வந்த வேலை முடிந்து, ஓ.பி. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகு, ஒரு காலை வாசல் பக்கம் வைத்துக்கொண்டே கேட்பார்கள்: "ஐயா, இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுங்களா? பழசுதான். அஞ்சாறு வருசம் ஆச்சு."

அரசு மருத்துவமனையில் முகம், தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு, இரவு பகலாக வரும் புதுக் காயங்களைவிட இவர்கள்மேல்தான் மனம் நிற்கிறது. புதுக் காயத்துக்கு 108 ஆம்புலன்ஸ் வரும், அவசரப் பிரிவு கதவைத் திறந்து வைத்திருக்கும். பழைய காயம் உடையவரோ தானாக வாய் திறந்து கேட்டால்தான் உண்டு. அப்படிக் கேட்கிறவரை உட்காரவைத்துப் பேசுவது இந்தத் தொழிலில் முக்கால் பங்கு என்று நினைக்கிறேன்.

காயம் ஏன் பழசாகிறது? பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பைக்கில் போய் விழுந்து, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கொண்டுவருகிறார்கள். மூளையில் ரத்தக்கசிவு இருக்கும்போது உடைந்த கன்ன எலும்பை யாரும் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது. முகம் முழுக்க வீங்கிக் கிடப்பதால் எலும்பு உள்ளே போயிருப்பது வெளியே தெரியாது. வென்டிலேட்டரிலிருந்து எடுத்து, வார்டுக்கு மாற்றி, நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்பும்போதுதான் வீக்கம் வடிந்திருக்கும். அதற்குள் நாளும் கடந்திருக்கும். கன்ன எலும்பை இரண்டு வாரத்துக்குள் தூக்கி வைத்துவிட்டால் நல்லது. மூன்று, நான்கு வாரம் போனால் விலகிய இடத்திலேயே ஒட்ட ஆரம்பிக்கிறது. இரண்டு மாதத்தில் இறுகிவிடுகிறது. குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். "உயிர் பிழைச்சதே பெரிய புண்ணியம்" என்று உறவுக்காரர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில், என் கன்னம் தட்டையாகிவிட்டது என்று ஒருவர் எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், கையில் என்ன அட்டை வைத்திருக்கிறார் என்று கேட்பதில்லை. பல உயிர்களைக் காத்த ஏற்பாடு அது. அந்த 48 மணி நேரத்துக்கு அப்பால் முகத்தில் மிச்சமிருப்பதைத்தான் நான் இங்கே சொல்கிறேன்.

வந்தவரிடம் "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "மூஞ்சி கோணலா இருக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதிக் காப்பீட்டுக்கு அனுப்பினால், அழகுக்கான சிகிச்சை என்று திரும்பி வர வாய்ப்பு உண்டு. அவர் எதையெல்லாம் விட்டுவிட்டு வாழப் பழகியிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள்? முறுக்கு, கரும்பு கடிக்க முடிகிறதா? பேருந்துப் படியில் இறங்கும்போது படி இரண்டாகத் தெரிகிறதா? முகம் கழுவும்போது கன்னத்தில் தண்ணீர் பட்டது தெரிகிறதா? ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வடிகிறதா? தூங்கும்போது அந்தக் கண் முழுசாக மூடுகிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கிறீர்களா? மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் நுழைக்க முடிகிறதா?

கேட்கக் கேட்க அவரே வியந்துபோவார். ஆண்டுக்கணக்காக இடப்பக்கமே மென்று வந்திருப்பார். கொத்தனார் ஒருவர் சாரத்தில் ஏறுவதை விட்டுவிட்டுச் சித்தாள் கூலிக்குக் கலவை தூக்கிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டால் வயசாகிவிட்டது என்றார். கீழே பார்த்தால் அவருக்குக் கம்பு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. விபத்தையும் இதையும் அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை. இவற்றையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கோடு எழுதினால், அந்தக் கேஸ் ஷீட்டைப் படிக்கிறவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கண்ணும் வாயும் நன்றாக வேலை செய்து, முகம் மட்டும் விகாரமாகிவிட்டது என்று ஒருவர் வந்தாலும் அது நோய்தான். கல்யாணப் பந்தியில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்கிற பெண்ணுக்கும், கடை முன்வரிசையில் நிற்காதே, கிடங்குக்குப் போ என்று முதலாளி சொன்ன பையனுக்கும் அந்தத் தழும்பு வலிக்கிறது. பணம் உள்ளவர் தனியாரிடம் போய்ச் செய்துகொள்வதை, பணம் இல்லாதவர் கேட்டால் ஆடம்பரம் என்று நாம் சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையில் இதை மறுக்காமல் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது பார்ப்பது. நோயாளியைத் தாழ்வான ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் போய் நின்று, அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, நெற்றிக்கு மேலிருந்து கீழே பார்ப்பேன். ஆள்காட்டி விரல் இரண்டையும் இரு கன்ன எலும்பின் மேட்டிலும் வைத்தால், உடைந்த பக்கத்து விரல் உள்ளே இறங்கி நிற்பது தெரியும். எதிரே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். பிறகு கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பு விளிம்பை மூக்கிலிருந்து காது நோக்கி மெல்லத் தடவிக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் படி மாதிரித் தட்டும். எலும்பு அங்கேதான் உடைந்தது. அதற்குச் சற்றுக் கீழேதான் கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு வெளியே வருகிறது. பஞ்சைத் திரித்து அங்கே தொட்டு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கேட்பேன்.

கண் உள்வாங்கியிருக்கிறதா என்பதை அளவெடுத்துத்தான் சொல்ல வேண்டும். கண்குழியின் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லி. அதன் தரை உடைந்து கீழே இறங்கி, உள்ளிடம் 1 மில்லி கூடினால் கண் சுமார் 1 மி.மீ. உள்ளே போகிறது. 2 மி.மீ.க்கு மேல் போனால் எதிரே பேசுகிறவர் கண்டுபிடித்துவிடுவார். ஒரு தேக்கரண்டி கூடப் பிடிக்காத இடவேறுபாட்டில் ஒருவருடைய முகமே மாறிப்போகிறது.

பழைய புகைப்படம் கொண்டுவரச் சொல்வேன். கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடத்துக் குழுப்படம், வாக்காளர் அட்டை என எது கிடைத்தாலும் சரி. பிறவியிலேயே சற்று ஏற்ற இறக்கமான முகம் பலருக்கும் உண்டு. விபத்துக்கு முன் இருந்ததைத்தான் திருப்பித்தர முயல வேண்டும். இல்லாத சமச்சீரைத் துரத்தினால் வீட்டாருக்கே அடையாளம் தெரியாத முகமாகிவிடும். ஆல்பத்தைப் புரட்டும்போது கூட வந்த மனைவி "அப்ப இவங்க நல்லா சிரிப்பாங்க" என்பார். அதையும் குறித்துக்கொள்வேன். பற்கள் சேருகிற விதத்தைச் சிரிக்கும் படத்தில்தான் பார்க்க முடியும்.

புதிதாக உடைந்த கன்ன எலும்பைத் தூக்குவது பல நேரம் எளிய வேலை. ஹரால்ட் கில்லீஸ் 1927இல் எழுதிவைத்த முறையை இன்றும் செய்கிறோம். காதுக்கு மேலே முடிக்குள் சின்னதாக வெட்டி, நெம்புகோல் போன்ற கருவியை உள்ளே விட்டுத் தூக்கினால் 'டக்'கென்று எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும். பழைய முறிவில் அந்த ஓசை கேட்காது. தப்பான இடத்தில் ஒட்டிய எலும்பை நாமே திட்டமிட்டு அறுத்து, விடுவித்து, நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் போட்டு நிறுத்த வேண்டும். உடைந்த பானையின் ஓடுகள் உடைந்த அன்றைக்கு ஒன்றோடொன்று பொருந்தும். ஓரம் தேய்ந்துபோன பிறகு பொருந்தாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், சி.டி. படத்தில் நல்ல பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டு அளந்துகொண்டு உள்ளே போகிறோம். வெட்டுகளை மேல் ஈறுக்குள்ளும், இமைக்கு உள்பக்கமும், தேவைப்பட்டால் ஒரு காதிலிருந்து மறு காது வரை தலைமுடிக்குள்ளும் ஒளித்துவைப்போம். இடைவெளி இருந்தால் இடுப்பு எலும்பிலிருந்தோ மண்டையோட்டின் வெளி அடுக்கிலிருந்தோ எடுத்து நிரப்புவோம். எலும்பு சரியான இடத்துக்கு வந்தாலும் மேலே உள்ள சதை ஆண்டுக்கணக்கில் சுருங்கியே பழகியிருக்கும். அது உடனே கூட வராது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

கத்தியைத் தொடாமல் அனுப்புவதும் உண்டு. மறு கண்ணில் பார்வை இல்லாதவருக்கு, இருக்கும் ஒரே கண்ணைச் சுற்றித் தோற்றத்துக்காக எலும்பை அறுக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு நெருக்கமானவர் ஒரு மாட்டுவண்டிக்காரர். கவாஸ்ஜி என்ற அந்த மராட்டியர் ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டியவர். 1792 போரில் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' 1794 அக்டோபரில் அவரைப் பற்றிய கடிதத்தைப் படத்தோடு வெளியிட்டது. ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்த பிறகுதான், புனே அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகுத் தகட்டை மூக்கின் அளவுக்கு வளைத்துப் பார்த்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்து, அந்தத் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே ஒரு பாலம் விட்டுக் கீழே திருப்பித் தைத்தார். பாலத்தைத் துண்டித்தது சுமார் 25ஆம் நாள். லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதை அறிந்து பழகி 1814இல் செய்துகாட்ட, ஐரோப்பா முழுக்க இது 'இந்திய முறை' என்று பரவியது. நெற்றித் தோலை எடுத்து மூக்கு செய்யும்போது இன்றைக்கும் நாங்கள் ஏறத்தாழ மூன்று வாரம் காத்திருந்துதான் பாலத்தை வெட்டுகிறோம். உலகமெல்லாம் போன அந்த அறுவை, ஆறிப்போன ஒரு பழைய காயத்துக்காக, ஒரு மாட்டுவண்டிக்காரருக்குச் செய்யப்பட்டது. இளம் மருத்துவர்களிடம் இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

பழைய காயங்களில் என்னை அதிகம் கலங்கவைப்பது குழந்தைகளின் தாடைப் பூட்டு. எட்டு, பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிவருவார்கள். ஒல்லியாக இருக்கும். முகவாய்க்கட்டை உள்வாங்கி, ஒரு பக்கம் இழுத்திருக்கும். பற்களுக்கு நடுவே நகம் நுழையக்கூட இடமிருக்காது. "எப்படிம்மா சாப்பிடுறான்?" என்றால், இட்லியைப் பிசைந்து, கடைவாய்ப் பக்கத்துச் சந்து வழியாக விரலால் தள்ளிக்கொள்வதை அந்தத் தாய் செய்துகாட்டுவார். பல் துலக்க முடியாமல் பாதிப் பல் சொத்தையாகியிருக்கும். ராத்திரி குறட்டை, மூச்சு திணறி எழுந்து உட்கார்ந்துகொண்டே தூங்கும்.

"சின்ன வயசுல எங்கயாச்சும் விழுந்தானா?"

"இல்லிங்களே."

பிள்ளையின் முகத்தை மெல்ல நிமிர்த்தி, முகவாய்க்கட்டைக்கு அடியில் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே வெளுத்துப்போன ஒரு கோடு இருக்கும்.

"ஆமாங்க, இது திண்ணையிலருந்து விழுந்தது. மூணு வயசுல. ரெண்டு தையல் போட்டாங்க, ஆறிடுச்சு."

தையல் போட்ட இடம் ஆறிவிட்டது உண்மைதான். ஆனால் முகவாயில் வாங்கிய அடி தாடை எலும்பு வழியாகக் காதுக்கு முன்னால் உள்ள மூட்டுவரை போயிருக்கிறது. அங்கே மூட்டின் குமிழ் நசுங்கி, தேங்கிய ரத்தம் மாதக்கணக்கில் எலும்பாக மாறி, தாடையை மண்டையோட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டது. தாடை வளரும் இடமும் அதுதான். அது நின்றதால் முகவாயும் நின்றுவிட்டது. காதில் சீழ் வைத்து உள்ளே பரவியும் இப்படி ஆவதுண்டு. எனவே எந்தக் குழந்தைக்கு முகவாயில் தையல் போட்டாலும், காதுக்கு முன்னால் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பழக்கி, சில மாதங்கள் கண்காணிக்க வேண்டும். தையல் போடுகிறவருக்கு இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

அறுவையில் என்னைவிட மயக்க மருத்துவருக்குத்தான் பாரம் அதிகம். வாய் திறக்காத பிள்ளைக்கு மூக்கு வழியாக, ஒளியிழைக் குழாயில் பார்த்துக்கொண்டே மூச்சுக்குழலுக்குள் குழாய் விட வேண்டும். அவர் தலையசைத்த பிறகே நான் கத்தியைத் தொடுவேன். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகளை விலக்கி, ஒட்டிய எலும்பில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுத்து, மறுபடி ஒட்டாதபடி பொட்டுப் பக்கத்துத் தசைத் திரையைத் திருப்பி நடுவே வைப்போம். மேசையிலேயே வாய் 35 மி.மீ. திறக்க வேண்டும், திறக்காவிட்டால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

உண்மையான வேலை வார்டில்தான் தொடங்குகிறது. ஐஸ் குச்சிகளை அடுக்கிக் கட்டிப் பற்களுக்கு நடுவே நுழைத்து, நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வலிக்கும், பிள்ளை அழும், பார்க்கிற தாயும் அழுவார். இரக்கப்பட்டு நான்கு நாள் விட்டுவிட்டால் திறந்த வாய் மறுபடி இறுக ஆரம்பித்துவிடும். வீட்டுக்குப் போயும் ஓராண்டாவது செய்ய வேண்டும். இங்கேதான் அரசு மருத்துவமனையின் பலத்தைப் பார்க்கிறேன். படுக்கைக்கு வாடகை கிடையாது என்பதால் அவசரப்பட்டு அனுப்ப வேண்டியதில்லை. "நேத்து பன்னெண்டு, இன்னிக்குப் பதிமூணு, எங்க ராசா, இன்னும் ஒண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிற சிஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில் பெரியவர் தானும் ஒரு குச்சியை வாயில் வைத்துக் காட்டுவார். வளராத முகவாயை நீட்டும் அறுவையைப் பிறகு தனியாகச் செய்யலாம்.

தழும்புகளைப் பற்றிச் சுருக்கமாக. தழும்பு முதிர ஓராண்டாவது ஆகும். அதுவரை தினமும் தேய்த்துவிடுவதும், சிலிக்கான் பட்டை போடுவதும், வெயில் படாமல் பார்ப்பதுமே சிகிச்சை. எந்த அறுவையும் தழும்பை அழிக்காது. போகிற திசையை மாற்றிச் சுருக்கக் கோட்டுக்குள் மறைக்கும், இழுப்பைத் தளர்த்தும். காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. தீக்காயத்திலோ அமிலத்திலோ இமை இழுத்துக்கொண்டு கண் மூடாமல் போனால், கருவிழி காய்ந்து புண்ணாகும் முன் அன்றே வர வேண்டும். அமில வீச்சுக்கு ஆளானவர்களுக்கு முகச் சீரமைப்பு உட்பட முழுச் சிகிச்சையையும் தனியார் மருத்துவமனையும் இலவசமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் உத்தரவிட்டிருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவமனை தரும் சான்று இதற்கு முக்கியம். எத்தனை ஆண்டானாலும் அதைத் தொலைத்துவிடக் கூடாது.

எங்கே போவது என்பதில்தான் பலர் களைத்துப்போகிறார்கள். கண் பிரிவு பல் பிரிவுக்கும், பல் பிரிவு காது மூக்கு தொண்டைக்கும், அது பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் என்று சீட்டில் கையெழுத்துகள் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும். முகத்து எலும்பு, தாடை, பற்கள் சேரும் விதம் எல்லாம் பல் மருத்துவத்தின் கிளையான எங்கள் பிரிவில் பார்க்கிறோம். "பல் டாக்டரா முகத்துக்கு?" என்று தயங்க வேண்டாம். சென்னையில் தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே துறை உண்டு. தோல், மூக்கு, தீக்காயச் சுருக்கம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரிகளின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு. எல்லாப் பிரிவினரும் ஒரே நாளில், ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தால் நோயாளி அலைய வேண்டியதில்லை. முயன்ற இடங்களில் அது நடக்கிறது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தகடு, திருகு போன்றவற்றின் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் எடுத்துக்கொள்ள முடிகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றோடும் ரேஷன் அட்டையோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை வாங்கலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வரம்பும் கிடையாது. அவர்களில், போரில் ஷெல் துண்டு பட்ட தாடையோடு வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, விபத்துப் பதிவேட்டு நகல், பழைய சி.டி. படம், ஒரு நல்ல புகைப்படம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துவந்தால் போதும். இல்லாவிட்டாலும் வாருங்கள், முகத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்களே. தேதி தள்ளிப்போகலாம், ராத்திரி வரும் விபத்து, காலையில் குறித்த அறுவையைப் பின்னுக்குத் தள்ளும். அறுவடையோ பிள்ளையின் தேர்வோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், அதற்கேற்றபடி நாள் வைப்போம்.

என் மேலதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான். தலையில் அடிபட்டவருக்குத் தரும் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டிலும் முகத்துக்கென்று நான்கு வரி அச்சடிக்க வேண்டும்: பல் சரியாகக் கடிக்கிறதா, வாய் எத்தனை மி.மீ. திறக்கிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, கன்னத்தில் உணர்ச்சி இருக்கிறதா. கீழே, முகப் பிரிவுக்கு வர வேண்டிய தேதி. வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் பயிற்சி மருத்துவர் ஒரு ஸ்கேலும் விரலும் கொண்டு அதை நிரப்பிவிடலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. நினைவு திரும்ப மூன்று வாரம் ஆனவருக்கும் நான்காவது வாரத்தில் எலும்பு முழுதாக இறுகியிருக்காது, அப்போது வந்தாலும் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.